இருட்டுக் கண்ணாடியில் ஒரு பொட்டு

மத்தியானம் மூன்று மணிக்கு நான் கிரைண்டரைப் போடுவேன். மாவு ஆட்டி விற்பது எனக்குப் பல வருசத் தொழில். எங்கள் வளவில் ஒரு முற்றத்தைச் சுற்றி ஏழு வீடு, நடுவில் ஒரு குழாய். பேச்சுக்குக் குறைவே கிடையாது. கல் சுற்ற ஆரம்பித்துவிட்டால் அந்த ஒரு மணி நேரம் மட்டும் எல்லாப் பேச்சும் கரைந்து ஒரே இரைச்சலாகிவிடும். அதற்குள் கண்ணை மூடி உட்கார்ந்தால் கிணற்றில் முங்கியிருப்பது போல இருக்கும். அப்போதுதான் பூத்தக்கா வருவார். வாசல் நிலையை ஒரு விரலால் தொட்டுவிட்டு, "கல்லு சுத்துதா தங்கச்சி? நல்லதாப் போச்சு" என்பார்.

இப்போதும் வருகிற மாதிரிதான் இருக்கிறது. கண்ணைத் திறந்தால் நிலை மட்டும் இருக்கிறது.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் பார்த்திருக்கிறேன். எங்கள் பழங்காநத்தத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வீடு போன் வராத காலத்தில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் டெலிபோன் பூத் வைத்திருந்ததால் பூத்தக்கா. பிறவியிலேயே பார்வை கிடையாது. நாம் எண்ணைச் சொன்னால் அவர் விரல் பொத்தான்கள் மேல் ஓடும். ஐந்தாம் எண்ணில் கடுகு போல ஒரு மேடு இருக்கும். அதில் நடுவிரல் நின்றுகொள்ளும், மற்ற விரல்கள் அங்கிருந்து கிளம்பிப் போய்த் திரும்பி வரும். ஒரு தடவை சொன்ன எண்ணை மறு தடவை சொல்ல வேண்டியதில்லை. தெருவில் பாதிப் பேருக்கு அவர்கள் மகன் வீட்டு எண்ணே அக்காவிடம்தான் இருந்தது.

மேசையில் ஒரு சின்ன ரேடியோ வைத்திருப்பார். ஆள் கண்ணாடிக் கூண்டுக்குள் போய், அந்தப் பக்கம் லைன் கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் அக்காவின் கை ரேடியோவுக்குப் போகும். சத்தத்தைக் கூட்டிவிடுவார். உரம் போடுகிற விசயமோ வானிலையோ, எதுவாக இருந்தாலும் சரி. பேச வந்தவர்கள் சடைத்துக்கொள்வார்கள். ரேடியோப் பைத்தியம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ரொம்ப நாள் கழித்து, பூத்தெல்லாம் மூடி, அவர் எங்கள் வளவுக்கே குடி வந்த பிறகு கேட்டேன். "எங்கண்ணு தானா மூடிருச்சு. காத நாந்தான் மூடணும்" என்றார்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போவார். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அந்த பூத்துக்குப் போன் போடுவார். நான் முக்காலியில் காத்திருப்பேன். கூண்டுக்குள் போனாலும் வெளியே நிற்கிற ஆட்கள் என்னைப் பார்ப்பது போலக் கூச்சமாக இருக்கும். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, வாயைச் சுவரோடு ஒட்டினாற்போல வைத்து 'ம்', 'சரி', 'வாங்க' என்று மூன்று சொல் பேசுவேன். ஒரு நாள் வெளியே வந்ததும் அக்கா, "சுவத்தப் பாத்துப் பேசுனா சுவத்துக்குத்தாம்மா கேக்கும். அவரு பாவம், தார்ப்பாய்க்கு அடியில நின்னுக்கிட்டு என்னன்னு கேப்பாரு" என்றார். பார்வை இல்லாதவருக்கு நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று எப்படித் தெரிந்தது? சுவரில் பட்டு வருகிற குரல் வேறு மாதிரி இருக்குமாம்.

அந்தக் கூண்டுக்குள் நின்றுதான் ஒரு தடவை என் கூடப்பிறந்த அக்காளுக்குப் போன் போட்டேன். வயிற்றில் இருந்தது கலைந்துபோனதை அவளிடம் மட்டும் சொன்னேன். வேறு யாருக்கும் இன்று வரை தெரியாது. வெளியே வந்தபோது ரேடியோ காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. பூத்தக்கா முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். "படி இருக்கு, பாத்துப் போத்தா" என்றார். அம்புட்டுதான்.

இப்படிப்பட்ட மனுசியின் கையில் எல்லாவற்றையும் சத்தம் போட்டுச் சொல்கிற ஒரு போன் வந்து சேர்ந்தது.

அலங்காநல்லூரில் இருக்கிற அவருடைய தம்பியின் மகன் வாங்கிக் கொடுத்த டச் போன். அக்காவுக்கு வாய்த்த ஒரே சிநேகிதி, சின்ன வயதில் பார்வையற்றோர் பள்ளி விடுதியில் பக்கத்துப் பாயில் படுத்தவர், திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறார். அவருக்கும் பார்வை இல்லை. ஆனால் போனில் கெட்டிக்காரர். அவர் பேசிப் பதிந்து அனுப்புவார். அக்காவுக்கு அதைத் திறந்து கேட்கத் தெரியாது. யாராவது அமுக்கிக் கொடுக்க வேண்டும்.

ஒரு நாள் காலையில் குழாயடியில் முதல் வீட்டு மருமகளிடம் போனைக் கொடுத்தார். நல்ல பிள்ளைதான், கை கொஞ்சம் வேகம். அமுக்கினாள். வளவே கேட்கிற மாதிரி அந்தக் குரல் வந்தது. தொண்டையில் கட்டியாம். அடுத்த மாதம் ஆபரேசனாம். அதற்குப் பிறகு குரல் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "அதுக்குள்ள உங்கிட்ட சொல்ல வேண்டியது நெறையா இருக்கு புள்ள. ஒண்ணொண்ணாச் சொல்றேன், கேட்டுக்க" என்று அந்தக் குரல் நின்றது.

குழாயடியில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருத்தி தேனும் மிளகும் என்றாள். ஒருத்தி கோயில் பெயர் சொன்னாள். ஒருத்தி அந்தம்மாவுக்குப் பிள்ளை குட்டி உண்டா என்று கேட்டாள். அக்கா குடத்தின் வாயில் கை வைத்தபடியே நின்றார். தண்ணீர் நிறைந்து விரல் வழியாக வழிந்துகொண்டிருந்தது. குடம் நிறைவதைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிறவர்.

அன்று மூன்று மணிக்கு என் வீட்டு நிலையைத் தொட்டார்.

"அவ பேசுறத நான் மட்டும் கேக்கணும். எனக்கு இந்தப் போன ஓட்டச் சொல்லிக் குடு. இருபத்தஞ்சு நாளு இருக்கு."

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மகள் விட்டுப் போன பழைய போனில் பச்சையைத் தள்ளினால் பேசலாம், சிவப்பைத் தொட்டால் நிற்கும். "எனக்கும் அம்புட்டுதான்க்கா தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சவுக வளவுல ஆறு பேரு இருக்காக. நீதான் பேச மாட்ட. அதான் உங்கிட்ட வந்தேன்."

இப்படித் தொடங்கியது. கல் சுற்றிக்கொண்டிருக்கும், இரண்டு பேரும் அரிசிச் சாக்கில் சாய்ந்து உட்கார்ந்திருப்போம். வெயில் ஓட்டுச் சந்து வழியாக ஒரு கோடாக இறங்கி, அரிசித் தூசியில் மிதக்கும். என் பழைய போனை அக்கா காதில் வைத்துக்கொள்ள, சிநேகிதி அதில் வழி சொன்னார். எந்த எழுத்து எங்கே வரும், எதைத் திறக்க வேண்டும் என்று. நான் எழுத்துக்கூட்டிப் படித்துத் தேடிப் பிடித்து அந்தப் பேசுகிற வசதியைத் திறந்தேன். போன் கண் விழித்த பிள்ளை மாதிரி பேச ஆரம்பித்தது. ஒரு பெண் குரல், பள்ளிக்கூடத்து டீச்சர் போலக் கறாராக. அக்கா அதற்கு வாத்திச்சி என்று பெயர் வைத்தார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எதைத் தொட்டாலும் திறக்கவில்லை, பெயரை மட்டும் சொன்னது. கெடுத்துவிட்டேன் என்று பயந்துவிட்டேன். சிநேகிதி சொன்னதைக் கேட்டு அக்கா சிரித்தார். "ஒரு தட்டு, என்னன்னு கேக்குறதுக்கு. ரெண்டு தட்டு, தொறக்குறதுக்கு. கேக்காம கொள்ளாம உள்ள நொழையிற பழக்கம் கண்ணுள்ளவுகளுக்குத்தான்."

அவர் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். நான்தான் தடுமாறினேன். முதல் இரண்டு நாள் அவர் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வைத்தேன். மூன்றாம் நாள் கையை உருவிக்கொண்டார். "வெரல இழுக்காத. எங்கன இருக்குன்னு வாயால சொல்லு. நீ இழுத்தா வெரலு போகும், நான் போக மாட்டேன்ல."

வாயால் சொல்வதுதானே எனக்கு வராதது. மேலேயிருந்து மூணாவது, வலது கை ஓரம், அங்கேயிருந்து சுண்டுவிரல் அகலம் கீழே என்று சொல்லச் சொல்ல எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. முப்பது வருசக் குடித்தனத்தில் என் வீட்டுக்காரரிடம் பேசிய சொற்களை எல்லாம் கூட்டினாலும் அந்த இருபத்தைந்து நாளில் பேசியதற்குக் காணாது.

கேட்பது வந்துவிட்டது. திருப்பிப் பேசி அனுப்புவதுதான் வரவில்லை. அதற்கு ஒரு இடத்தில் இரண்டு தட்டுத் தட்டி, இரண்டாவது தட்டில் விரலை எடுக்காமல் பிடித்திருக்க வேண்டும். அந்த இடம் கண்ணாடியின் அடியில் வலது மூலை. அக்காவின் விரல் வழவழப்பில் அலைந்தது. சில நேரம் நடுக் கண்ணாடியையே தடவிக்கொண்டிருப்பார். "என்னக்கா தேடுறீக?" என்று கேட்டேன். "அஞ்சு" என்றார். அந்தக் கடுகு மேட்டைத்தான் விரல் தேடியிருக்கிறது.

மறுநாள் என் பொட்டு அட்டையிலிருந்து இருப்பதிலேயே சின்னதாக ஒரு பொட்டை எடுத்து, அந்த மூலையில் ஒட்டினேன். அக்கா தடவிப் பார்த்தார். இன்னொரு தடவை தடவினார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. தன் வெறும் நெற்றியைத் தொட்டுக்கொண்டு, "எனக்கு வைக்காத பொட்ட இதுக்கு வச்சுட்டியா" என்றார்.

இயர்போனை ஒரு காதில்தான் மாட்டுவார். மறு காது ரோட்டுக்கு வேண்டுமாம். சிநேகிதி பேசுவது எனக்குக் கேட்காது. இவர் பதில் பேசுவதும் கேட்கக் கூடாதல்லவா, அதனால் அவர் பொட்டில் விரலை வைத்ததும் நான் எழுந்துபோய்க் கிரைண்டருக்குப் பக்கத்தில் நின்றுகொள்வேன். அரிசி ஆடி முடிந்திருந்தால் உளுந்தைப் போடுவேன். அதுவும் முடிந்திருந்தால் தண்ணீரை மட்டும் ஊற்றிக் கல்லைக் கழுவுகிற மாதிரி சுற்ற விடுவேன். அந்த மாதம் என் கல் போல வெள்ளையாக எந்த வீட்டுக் கல்லும் இருந்திருக்காது. தூரத்திலிருந்து பார்த்தால் அக்காவின் உதடு அசையும், சிரிக்கும், நிற்கும். ஒரு நாள் ரொம்ப நேரம் பேசாமல் விரலை மட்டும் பொட்டில் வைத்திருந்தார். அந்தப் பேசாமையையும் அப்படியே அனுப்பினாரோ என்னவோ.

நான் செய்த தப்பையும் சொல்லிவிட வேண்டும்.

ஆபரேசனுக்கு முந்தின நாள். சாயங்காலம் நாலு மணிக்குச் சிநேகிதி கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். நேரே பேசப்போகிற கடைசிப் பேச்சு. அன்று மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போன் கறுப்பாகக் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன், பக்கத்துப் பொத்தானை அமுக்கினேன். வெளிச்சம் வரவில்லை. இயர்போன் மாட்டியிருந்ததால் வாத்திச்சி குரலும் வரவில்லை. முந்தின நாள் என் ஈரக் கையோடு அதை எடுத்து வைத்தது ஞாபகம் வந்தது. எழுப்பிச் சொல்லத் தைரியம் இல்லை. இயர்போனை உருவிவிட்டு, போனை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டில் போன் ரிப்பேர் கடைக்கு ஓடினேன். கடைக்காரருக்கு என் மருமகன் வயது இருக்கும். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டிஸ்பிளே போயிருச்சுத்தே. வச்சுட்டுப் போங்க, நாளைக்குப் பாப்போம்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது அக்கா எழுந்திருந்தார். கை பாயின் மேல் போய்க்கொண்டிருந்தது. தலையணைக்கு அடியில், சன்னல் கட்டையில், மறுபடி பாயில். நான் வாசலில் நின்றபடியே சொன்னேன்.

அவர் கை நின்றது.

"அது கெட்டுப் போகலத்தா. வெளிச்சத்த நாந்தான் அணச்சு வச்சேன். அவ சொல்லிக் குடுத்தா. நமக்கு எதுக்கு வெளிச்சம், சார்ஜும் நிக்கும், அடுத்தவுக கண்ணும் விழாதுன்னு." பிறகு, "மணி என்ன?" என்றார்.

நாலாக ஐந்து நிமிசம் இருந்தது.

அந்த வயதில் பழங்காநத்தம் ரோட்டைக் குறுக்கே ஓடியவள் நானாகத்தான் இருப்பேன். ஆட்டோக்காரர் ஒருவர் திட்டினார், என்ன சொன்னார் என்று காதில் ஏறவில்லை. கடைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். "அத்தே, இந்தப் போனுக்குள்ள ஒரு அம்மா இருக்காக. தொட்டா அதட்டுறாக. நாலு தடவ மணி அடிச்சிருச்சு, யாரு கூப்புடுறான்னு பேரும் சொல்றாக, ஆனா எடுக்க மட்டும் விட மாட்டேங்குறாக. பொட்டு வேற வச்சு விட்டிருக்கீக, சாமி போனா?" என்றார். ஒரு தட்டுக்கும் இரண்டு தட்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியவில்லை. அதுதான் அக்காவின் விசயத்தைக் காப்பாற்றியது.

நான் வளவுக்கு வந்து சேர்ந்தபோது மணி அடிப்பது நின்றுபோயிருந்தது. அக்கா திருப்பிக் கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் போனை வாங்கி வைத்துவிட்டார்கள் போல. பிறகு அக்கா விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். பேசிப் பதிந்தது ஒன்று வந்திருந்தது. நீளமானது.

அவர் இயர்போனைத் தேடி மாட்டினார். அன்றைக்கு மட்டும் இரண்டு காதிலும் மாட்டினார். நான் வீட்டுக்குப் போய் வெறும் தண்ணீரை ஊற்றிக் கல்லைச் சுற்ற விட்டேன். விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை.

பிறகு நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவரே சொன்னார். "நேரப் பேசியிருந்தா அது அப்பவே காத்தோட போயிருக்கும். இது இருக்குல்ல. எப்பத் தட்டுனாலும் பேசுவா." போனை மடியில் வைத்துக்கொண்டு, "ஆனா இனிமே சொல்லாம எடுத்துட்டுப் போகாத" என்றார். அதற்கும் பிறகு, நான் கிளம்ப எழுந்தபோது, போனைத் திறக்கிற எண்ணைச் சொன்னார். "பழைய பூத்து நம்பரு இருக்குல்ல, அதுல கடைசி நாலு. உனக்கு மறக்காதே?"

எப்படி மறக்கும்? என் வீட்டுக்காரருக்கு நான் மனப்பாடம் பண்ணிக் கொடுத்தனுப்பிய எண் அது.

சிநேகிதி பிழைத்துக்கொண்டார். குரல் போய்விட்டது. அதற்குப் பிறகு எழுத்தாக அனுப்புவார், போன் அதைப் படிக்கும். முதல் நாள் கேட்டுவிட்டு அக்கா முகம் சுருங்கியது. "வாத்திச்சி பேசுறா. அவ இல்ல." ஆனால் ஒரு மாதம் போயிருக்கும், ஒரு மத்தியானம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னவென்று நான் கேட்கவில்லை. அவராகவே, "வாத்திச்சிக்கும் இப்ப அவ குசும்பு வந்துருச்சு" என்றார். இப்படியே இரண்டு வருசம் ஓடியது.

போன தைக்குத் தம்பி வீட்டுக்கு அலங்காநல்லூர் போனார். "வாரேன் தங்கச்சி, கல்லப் பாத்துக்க" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் தூக்கத்திலேயே போய்விட்டார்.

பதினைந்து நாள் கழித்துத் தம்பி மருமகள் வீட்டைக் காலி பண்ண வந்தாள். பாய், தகரப் பெட்டி, ரேடியோ எல்லாம் ஆட்டோவில் ஏறியது. போனை என் கையில் கொடுத்தாள். "கெட்டுப் போச்சு பெரியம்மா, வெளிச்சமே வரல. தூக்கிப் போட மனசு வரல, நீங்க வச்சுக்கங்க."

வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டேன்.

மறுநாள் மூன்று மணிக்குக் கிரைண்டரைப் போட்டுவிட்டு, போனுக்குச் சார்ஜ் போட்டேன். கொஞ்ச நேரத்தில் வாத்திச்சி விழித்தாள். செய்தி செய்தியாக வந்து விழுந்தது. எல்லாம் ஒரே பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் வந்த சொற்களைக் கல் அரைத்துவிட்டது. நான் காது கொடுக்கவில்லை. ஆனால் ஒன்று விளங்கியது. அந்தம்மாவுக்கு இன்னும் தெரியாது. பதினாறு நாளாக ஒருத்தியைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். தம்பி வீட்டில் யாருக்கும் அவர் இருப்பதே தெரியாது. சொல்ல வேண்டியது நான்தான்.

அடுத்த வீட்டுக்குப் போய்ச் சொல்வது போல எளிதான காரியமா அது? கல்லைப் பார்த்துக்கொண்டே முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அரிசி தேவைக்கு மேல் மசிந்துவிட்டது.

கடைசி நாலு எண்ணைத் தட்டினேன். வாத்திச்சி அந்தப் பெயரைச் சொன்னதும் இரண்டு தட்டு. உள்ளே போய்விட்டேன். திரை முழுக்க இருட்டு. அதற்குள் இரண்டு பேரும் பேசியது எல்லாம் இருக்கிறது, விரல் பட்டால் படித்துவிடும். எதன் மேலும் விரல் படாமல், நேரே அடிமூலைக்குப் போனேன். பொட்டு அப்படியே இருந்தது, ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. அதில் இரண்டு தட்டுத் தட்டி, விரலை எடுக்காமல் வைத்துக்கொண்டு, மறு கையால் கிரைண்டரை நிறுத்தினேன். வளவு முழுவதும் திடீரென்று அமைதியானது போல இருந்தது. பழக்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அம்மா, நான் பக்கத்து வீட்டுக்காரி. மாவு ஆட்டுறவ. அக்கா தைக்கு ஊருக்குப் போனாக. அங்கனயே தூக்கத்துல போயிட்டாக. யாரும் உங்களுக்குச் சொல்லல. அதான்."

விரலை எடுத்தேன். போய்விட்டது.

மாவை வழித்துத் தூக்குவாளியில் போட்டேன். கல்லைக் கழுவினேன். கையைத் துடைத்தபோது போன் பேசியது. அது எனக்கு வந்தது, அதனால் கேட்டேன். வாத்திச்சி நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"சுவத்தப் பாத்துப் பேசுறவுக நீங்கதானே. குரல் கேட்டதும் தெரிஞ்சது. உங்களப் பத்தி அவ எங்கிட்ட சொன்னது அந்த ஒண்ணுதான். கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க. அவ கெளம்புற அன்னைக்கு என்ன சேலை கட்டிருந்தா, என்ன பேசுனா, எல்லாத்தையும் ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."

வெளியே குழாயடியில் ஆள் சேர்ந்துவிட்டார்கள். கிரைண்டர் நின்றதால் நான் பேசுவது எல்லாருக்கும் கேட்கும். கேட்கட்டும் என்று முதல் தடவையாகத் தோன்றியது. முக்காலியைத் திருப்பிப் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்து, பொட்டில் விரலை வைத்தேன்.